கிழியட்டும் என்று

நின்றால் கோணல்.
வலப்பக்கம் துணி துருத்தி நிற்கிறது,
யாருடைய முட்டியோ உள்ளே இருப்பதுபோல்.
"வெட்டினதே தப்பு" என்கிறான் லோகன்,
டீக் கோப்பையோடு.

இது நிற்பதற்கில்லை.
பக்கவாட்டுச் சேணத்தில்
வலது காலை மடக்கி உட்கார்ந்தால்தான்
இந்த நீலக் கம்பளி நேராகும்.
சேணம் இருப்பது ஹோவிக்கில்.
நான் மாரிட்ஸ்பர்க்கில்,
ஆறாம் இரவாக, சோபாவின் கைப்பிடிமேல்
ஒருக்களித்து.

எட்டு மணிக்குக் கரண்ட் போகிறது.
தெருவே முணுமுணுக்கிறது.
ஊசிக்குக் கரண்ட் வேண்டாம்.
மெழுகுவர்த்தியில் நூலை ஒரு தரம் இழுத்து
அதன் வெளிச்சத்திலேயே பின்தையல்,
அங்குலத்துக்குப் பன்னிரண்டு.

நூற்றிமுப்பது வருஷம் முன்னால்
இதைப் போட்டவள் துரைசானி.
எங்கள் ஆட்கள் குதிரை தேய்த்தார்கள்.
கேட்கிறவர்களுக்கு அந்தக் கதை பிடிக்கிறது.
நான் அதற்காகத் தைக்கவில்லை;
இந்த மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான்.
பூபதி அக்காவின் குதிரை
என்னைத் தாங்குமா என்பது வேறு விஷயம்.
நான் இதுவரை ஏறியதே இல்லை.

இடுப்புக்குக் கீழே ஒரு சாண் மட்டும்
இளக்கித் தைக்க வேண்டும்,
முடிச்சில்லாமல், அரை அங்குலத்துக்கு ஒன்று.
விழுந்தால்
பாவாடை சேணத்துக் கொம்பில் மாட்டி
ஆளைத் தரதரவென்று இழுத்துப் போகும்.
அதற்கு முன் துணி கிழிந்து
விட்டுவிட வேண்டும்.

பள்ளிச் சீருடை, கல்யாண ரவிக்கை,
லோகனின் ஒரே கோட்டு,
எதையும் கிழியட்டும் என்று தைத்ததில்லை.
கை கேட்கவில்லை.
இரண்டு முறை தானாகவே இறுக்கிவிட்டது.

பிரித்தேன்.