பதினேழு பல்

கரடிப்போக்குச் சந்தியில் எங்கள் கடை.
பகலில் நான் செத்தவர்களின் தலைமுடியை
மயிர் மயிராக வெட்டியெடுப்பவள்.
அடையாள அட்டைப் படத்தின் சுவரை அழித்து
முகில் வைப்பேன், இரண்டு குத்துவிளக்கு வைப்பேன்.
கண்ணீர் அஞ்சலி, ஆறடிக்கு நாலடி.
சாமத்தியவீடு என்றால் முகில் அதேதான்,
விளக்குக்குப் பதில் மயில்.

செபமாலை அண்ணை ஒரு கியர்பெட்டியைத் தூக்கிவந்து
மேசையில் வைத்தார். லான்ட்மாஸ்டருடையது.
அழைப்பிதழ்க் கட்டுகள் ஒருபக்கம் சரிந்தன.
"இதைக் கழட்டினமாதிரிக் கீறித் தா பிள்ளை,
சாமானுக்கொரு இலக்கம் போட்டு.
போனிலை எடுக்கிற எல்லாரும்
'அந்த வட்டச் சாமான்' எண்டுதான் கேக்கினம்.
உதுக்குள்ளை வட்டமில்லாதது எது, சொல்லு?"

அறுபத்துமூன்று சாமான்.
ஒரே அச்சில் அவை அந்தரத்தில் விலகி நிற்கவேண்டும்,
ஒன்றோடொன்று கோபமில்லாமல்,
திரும்பிப் போக வழி தெரிந்தபடி.

வட்டங்களைச் சரித்தேன், முட்டைகள் ஆயின.
எல்லா முட்டைக்கும் ஒரே சரிவு.
ஒன்று பிசகினாலும் தண்டு வளைந்ததுபோலத் தெரியும்.
ஒரு புள்ளிக்கு இரண்டு கைகள்;
ஒன்றை இழுக்க மற்றது எதிர்ப்பக்கம் நீளும்.
மூலை வேண்டுமென்றால் ஒரு கையை முறிக்கவேண்டும்.
தேவைக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால்
வளைவு விக்கும்.

கியரில் ஒரு பல்லைக் கீற ஓர் இரவு போனது.
மிச்சத்தைச் சுழற்றி எடுக்கலாம்.
எண்ணினேன். பதினேழு.
முந்நூற்றறுபதைப் பதினேழால் வகுத்தால்
இருபத்தொன்று தசம் ஒன்று ஏழு ஆறு நாலு ஏழு
என்று அது போய்க்கொண்டேயிருக்கிறது.
கட்டத்துக்குள் 360/17 என்று அப்படியே எழுதிவிட்டேன்.
மென்பொருள் ஒன்றும் கேட்கவில்லை.
பதினேழாவது பல்
முதலாவதின் பக்கத்தில் நூலிடை தப்பாமல் வந்து குந்தியது.
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

பெட்டியின் இடப்பக்கத்தில் ஓர் ஓட்டை,
ஒட்டு வைத்து அடைத்தது.
அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.
"அந்தக் கீறலைக் கீறாதை, புதுசுமாதிரி இருக்கட்டும்"
என்றார் அண்ணை.
எந்த வருசத்தது என்று அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவுமில்லை.
ஆனால் ஏற்கெனவே கீறியிருந்தேன், நாலு மணித்தியாலம்,
பற்றவைப்பின் ஒவ்வொரு கொப்புளமும்.
தனி லேயரில் அதைப் போட்டு, கண்ணை மூடிவிட்டு,
பூட்டும் போட்டேன்.

பரந்தன் கராஜிலிருந்து பிறேமினி வந்தாள், பிழை பார்க்க.
நின்றபடியே பார்த்தாள். கனநேரம்.
"நாப்பத்தொண்டு பிழை."
ஒயில் சீல்.
"வாய் உள்ளுக்குப் பாக்கவேணும்.
நீ வெளியாலை பாக்க விட்டிருக்கிறாய்.
இப்பிடிப் பூட்டினா விதைப்பு முடியமுன்னம்
ஒயில் முழுக்க வயலுக்கை."
சொல்லும்போதே விரலைத் திரையில் ஊன்றினாள்.

கண்ணாடிபோல் திருப்ப ஒரு கிளிக் போதும்.
திருப்பினேன்.
இன்னும் வேறு எதுவும் பிழைத்திருக்குமோ என்று
பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.
சீல் பெருத்தது, அதன் உதட்டுக்குள்ளிருக்கும் சுருள்வில் பெருத்தது,
ஒரு கோடும் உடையவில்லை.
கிறீஸ் விரலடையாளம் மட்டும்
இருந்த அளவிலேயே இருந்தது.
பின்னேரம்வரை துடைக்காமல்
அதைச் சுற்றி வேலை செய்தேன்.

அச்சடித்தது ஆறடிக்கு நாலடி,
அஞ்சலிக்கென்று வாங்கிய அதே பிளெக்ஸ் சுருளில்.

போன கிழமை கடைக்குப் போயிருந்தேன்.
சீற்றின் முன்னால் வட்டக்கச்சிக்காரர் ஒருவர்,
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு,
ஏதும் வாங்குகிற ஆளாகத் தெரியவில்லை.
விரல் வைத்து என் கியரின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
பதினாறில் போன் அடித்தது.
மாடு அவிழ்ந்த கதை, பசளை விலை, யாருக்கோ காய்ச்சல்,
எல்லாம் கதைத்து முடித்தார்.
பிறகு
ஒன்றிலிருந்து தொடங்கினார்.