இறந்தகாலம், முப்பத்தைந்து கிராம்

யோங்சான் மின்னணுச் சந்தை, மூன்றாம் மாடி,
நகரும் படிக்கட்டு நின்றுபோன பக்கம்.
கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு,
சுவிட்சுகளை நட்டுவைத்து மசகு தடவ
எழுபது குழிகள் கொண்ட ஒரு தட்டு.

வருகிறவர்கள் ஓசையை அடையாளம் சொல்லிக் கேட்பார்கள்.
கூழாங்கல் முட்டிக்கொள்வதுபோல் வேண்டும் என்பான் ஒருவன்.
சாக்லேட் கட்டி உடைவதுபோல், என்பாள் இன்னொருத்தி.
போன வாரம் ஒரு பையன்
"அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மாதிரி" என்றான்.
பித்தளைத் தகட்டைக் கழற்றி பாலிகார்பனேட் வைத்தேன்,
முதுகில் ஒட்டுநாடா, இரண்டு அடுக்கு.
கொதித்தது.

நாம்குங் மியோங்-ஓக் ஓசை எதையும் கேட்கவில்லை.
இடது சுண்டுவிரலில் பிளாஸ்திரி.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில்
மனு எழுதும் அலுவலகம், இருபத்தாறு வருஷம்.
"நான் எழுதுவதெல்லாம் நடந்து முடிந்தவை," என்றார்.
கொடுத்தான். வாங்கினாள். கையெழுத்திட்டார்கள். அடித்தான்.

புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.
எங்கள் பலகையில் இடக்கைக்கு மெய், வலக்கைக்கு உயிர்.
ஒரு வினை இறந்தகாலம் ஆக வேண்டுமென்றால்
கூடாரம் போன்ற ஒரு மெய் இரட்டிக்க வேண்டும்,
இரட்டிக்க ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும்,
ஷிஃப்ட்டோ சுண்டுவிரலின் தலையெழுத்து.
ஒரு நாளைக்கு நாலாயிரம் முறை,
ஒவ்வொரு முறையும் அறுபத்திரண்டு கிராம்.
பெருக்கிப் பார்த்தேன். கால் டன்.

அந்த ஒரு விசைக்கு மட்டும்
முப்பத்தைந்து கிராம் சுருள்வில் போட்டேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நீளமான விசைகளுக்கு அடியில் ஒரு கம்பி உண்டு.
இரு முனையிலும் மடங்கி, இடுக்கில் தளர்ந்து,
தொட்டால் கலகலக்கும்.
என் தொழிலில் அது மானக்கேடு.
கண்ணாடித் தகட்டின்மேல் கிடத்தி நிமிர்த்தினேன்,
ஊசியால் மசகு ஏற்றினேன்,
கழற்றினேன், மறுபடி நிமிர்த்தினேன். இரண்டு இரவு.
மூன்றாம் இரவு ஷிஃப்ட்
ஈரத் துணியில் விழுந்த பொத்தான் மாதிரி இறங்கியது.
எனக்கு நானே பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் வந்தார். விரல் ஆறியிருந்தது.
கையில் திரும்பி வந்த மனு, பக்கமெல்லாம் சிவப்பு வட்டம்.
இரட்டைக் கூடாரம் நிற்க வேண்டிய இடங்களில்
ஒற்றைக் கூடாரம்.
வாய்விட்டுப் படித்தால் வித்தியாசம் தெரியாது.
நீதிமன்ற எழுத்தர் யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

"அழுத்தினேனா இல்லையா, விரலுக்குத் தெரியவில்லை.
காதுக்கும் தெரியவில்லை.
அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

சொல்ல நிறைய இருந்தது. திருப்புளியை எடுத்தேன்.
கம்பியின் வலது முனையில் மசகைத் துடைத்தேன்.
இடது முனையை விட்டுவிட்டேன். கொஞ்சம் ரோஷம்.

மாட்டிக் கொடுத்ததும் மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார்.
கேபிள் என் மேசையில் சுருண்டு கிடந்தது.
பலகை எதனோடும் இணைந்திருக்கவில்லை.
ஏதோ ஒரு வாக்கியம், சற்று நீளமானது,
கண்ணை என் விளக்கின்மேல் வைத்துக்கொண்டு.
நடுவில் இரண்டு முறை கலகலத்தது,
முடிவில் ஒரு முறை.

மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன.
என்னவென்று நான் கேட்கவில்லை.
பையில் போட்டுக் கொடுத்தேன்.