நூலளவு

எபேனில் ஒரு கண்ணாடிக் கட்டடம், நாலாம் மாடி.
எட்டு மணி நேரம் படங்களுக்குப் பெயர் வைப்பேன்.
இது நாய். இது நாயின் நிழல்.
இது சிவப்பு விளக்கு.
இது விளக்கல்ல, ஜன்னலில் பட்ட வெயில்.
ஆயிரம் படத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு.
எங்கோ ஓர் இயந்திரம் இதைப் படித்து வளர்கிறதாம்.
எதற்கு என்றால் மேலாளரும் தோளைக் குலுக்குகிறார்.

சாயங்காலம் மெட்ரோ. ரோஸ் ஹில்.
ரொட்டிக் கடையில் சூடு ஆறுவதற்குள் ஒரு வரிசை.
வீட்டில் கவிலென், ஒன்பது வயது,
ஷூவைக் கழற்றாமலே என் பழைய போனோடு பேச்சு.

அறிவியல் வீட்டுப்பாடம்:
தயிர்க் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு, பஞ்சில் ஒரு ராஜ்மா.
எத்தனை நாளில் முளைக்கும்?
ஏழு முதல் பத்து நாள் என்றது போன்,
கிரியோலில் கேட்டதற்கு பிரெஞ்சில், ரொம்பப் பணிவாக.
அப்படியே எழுதி நோட்டை மூடிவிட்டான்.
கிண்ணம் காலியாகவே கிடந்தது.

நான் கத்தவில்லை.
பொறுமை இல்லை அது, அலுப்பு.
பருப்பு டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்து
பஞ்சில் புதைத்து ஜன்னலில் வைத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

நாலாம் நாள் காலை வீடு அதிரக் கூப்பிட்டான்.
தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று,
தூக்கம் கலையாதவன் கழுத்துப் போலச் சாய்ந்து.

போனிடம் சொன்னான்: நீ சொன்னது தப்பு, நாலே நாள்.
நீங்கள் சொல்வது சரிதான், மன்னிக்கவும்
என்றது உடனே.
ஜெயித்தவன் முகமாக இல்லை அவன் முகம்.
"இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிச்சே.
நான் இன்னும் காட்டவே இல்லையே."

கொஞ்சம் யோசித்து ஒரு பொய் சொன்னான்:
நேற்று ராத்திரி போட்டேன், காலையில் இலை வந்துவிட்டது.
அருமை! என்றது அது.

சிரித்தான். பாதியில் நிறுத்தினான்.
பல் தேய்க்கும்போது, வாய் நிறைய நுரையோடு, கேட்டான்:
"அப்போ நான் நிஜம் சொன்னது
அதுக்கு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை என்னிடம்.
படியிறங்கும்போது இல்லை,
மெட்ரோவில் கம்பியைப் பிடித்து நின்றபோதும் இல்லை.

நாலாம் மாடியில் முதல் படம்:
வெள்ளையாக ஏதோ. மேகமா, நுரையா, பஞ்சா.
வழக்கமாக இரண்டு நொடி தருவேன்.
இன்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
'தெரியவில்லை' என்று மூலையில் ஒரு பொத்தான் உண்டு.
அதை அழுத்தினால் அந்தப் படத்துக்குக் காசு கிடையாது.
அழுத்தினேன்.

ராத்திரி அவன் தூங்கியபின் நோட்டைப் பிரித்தேன்.
ஏழு முதல் பத்து அடிபட்டுக் கிடந்தது.
கீழே, பசை வழிய ஒட்டிய ஒரு துண்டு சிவப்பு நூல்.
முளை வளைந்திருந்ததால் ஸ்கேல் படியவில்லையாம்.
நூலுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தான்:
இவ்வளவு.
நாளைக்கும் பார்க்கணும்.