ஒருவழி

எவ்வளவு வேகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
என்னிடம் கேட்கப்பட்டது
எங்கே நிற்கும் என்று.

போர்ட் அகஸ்டாவில் குதிரைகளுக்குக் குளிர்ப்போர்வை தைப்பவள் நான்.
படகுகளுக்கு மூடுதுணி, எப்போதாவது ஒரு கூடாரம்.
ஆன்சல் கோவால்ட் போன வருடம் கடைக்கு வந்து
மேசைமேல் ஒரு நைலான் மூட்டையை அவிழ்த்தான்.
பாராசூட். ஆனால் வானம் வேண்டாம் இதற்கு.
ஜெட் இன்ஜின் கட்டிய வண்டியைப்
பின்னாலிருந்து சட்டைக்காலரைப் பிடித்து இழுக்க வேண்டும்,
அவ்வளவுதான், என்றான்.

கெய்ர்ட்னர் ஏரியில் தண்ணீர் கிடையாது.
கண் போகும் தூரம்வரை உப்பு.
கரையின் சிவப்பு மண் ஒரு பொட்டுகூட அதில் ஒட்டக்கூடாது;
தார்ப்பாய் விரித்து
லாரிச் சக்கரங்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம்,
நம்மூர்க் குழந்தைகளுக்குக்கூட அப்படிக் கால் கழுவியதில்லை.
வெயில் கீழிருந்தும் அடித்தது.
என் மூக்குத் துளையின் உள்பக்கம் தோலுரிந்தது.

பதினேழு நாள் காத்திருந்தோம்.
மேற்கே எங்கோ பெய்த மழை
முகவரி விசாரித்துக்கொண்டு வந்ததுபோல்
ஒரு வாரம் கழித்து வந்து விரலாழம் நின்றது.
அது வற்றியதும் காற்று.
காற்று அடங்கியதும் பேரிங்;
அடிலெய்டிலிருந்து வந்தது, தவறான அளவில்.
பணம் போட்ட பேட்டரிக் கம்பெனி ஆள்
சாட்டிலைட் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.
"ஏரிக்கு உங்கள் தேதி தெரியாது" என்றாள்
கோக்கதா ரேஞ்சர் லெரிஸ்,
கையெழுத்திட்ட அனுமதித்தாளை மடித்துத் தந்துகொண்டே.

பதினெட்டாம் நாள் விடியலில் ஓடியது.
இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தோம்.
ஒரு வெள்ளைக் கீறல் ஊமையாய் நீண்டது.
ஆறு எண்ணிய பிறகுதான் இடி வந்து நெஞ்சில் மோதியது.
தூரத்தில் என் ஆரஞ்சுத் துணி
ஒரு தும்மலைப்போல் வெடித்து விரிந்தது.
நேரம் பார்க்கும் ஹெட்லி எண்ணைப் படித்தார்.
பழைய எண்ணைவிடப் பெரிய எண்.
யாரும் கத்தவில்லை.
போனது கணக்கில்லை இங்கே;
ஒரு மணி நேரத்துக்குள் அதே வழியில் திரும்பி வந்தால்தான்
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி
சாதனை என்பார்கள்.

பதினோராம் நிமிடம் எரிபொருள்.
இருபத்துநாலில் சக்கர இடுக்கில் கெட்டிப்பட்ட உப்பை
ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார்கள்.
முப்பத்தெட்டில் நான் இழுவாரைத் தொட்டேன்.
துணிக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.
இன்ஜின் மூச்சுப் பட்டு
நாலு விரல் அகலம் கருகியிருந்தது.
நகத்தால் கீறினேன், பொடியானது.
மாற்று வார் செவ்வாய்க்கிழமைச் சோதனையிலேயே போய்விட்டது.
புதியது வரும் லாரி கிம்பாவில் டயர் மாற்றுகிறது.

"தைக்க முடியுமா?" பிரையர்.
முடியும். பன்னிரண்டு வரிசை, கையால்.
மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன்.
"இன்னொரு பாராசூட் இருக்கிறதே" என்றான் கம்பெனி ஆள்.
இரண்டு கட்டினால்தான் ஒன்று இருப்பதாகக் கணக்கு,
இந்த வேலையில்.
தடம் முடிகிற இடத்தில் பாறை.

எல்லோரும் என் விரலையே பார்த்தார்கள்.
சொல்லாமல் மடித்து வைத்துவிடலாம் என்று
ஒரு கணம், ஒரே கணம், தோன்றியது.
எனக்கும் அந்த எண் வேண்டியிருந்தது.
என் பெயரை எங்கும் எழுதப்போவதில்லை என்றாலும்.

இல்லை, என்றேன்.

ஆன்சல் கையுறையை ஒவ்வொரு விரலாய் உருவினான்.
என்னைத் திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை.
காலையில் சுட்ட ஸ்கோன் மிச்சமிருக்கிறதா என்று கேட்டான்.
ஹெட்லி தன் நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினார்: ஒருவழி.
அன்று மாலையே மழை.

வீட்டில், குளியல் தொட்டியில்
பாராசூட்டை ஊறவைத்திருக்கிறேன்.
நாலு முறை தண்ணீர் மாற்றியாயிற்று.
விரலை நக்கிப் பார்க்கிறேன்,
இன்னும் கரிக்கிறது.