கழிக்காரன்

ஒரு மூங்கில்.
நுனியில் குறுக்காகப் பலாச் சட்டம்,
சட்டத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூப்.
ஆடிவேல் அன்று என் கையில் தருவது இதைத்தான்.

மற்ற நாள்களில் பழைய சோனகத் தெரு
இரும்புக்கடையில் ஆணி நிறுக்கிறவன்.
இரண்டு அங்குலம், மூன்று அங்குலம்,
குனிந்தே கழிகிற வேலை.
வருஷத்தில் இந்த ஒரு நாள்தான்
கழுத்து மேல்நோக்கி வலிக்கும்.

செட்டியார் தெரு நகைக்கடைகள்
ஷட்டரைப் பாதி இறக்கி
நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும்.
எனக்கு முன்னால் மின்சார சபை சுமணபால,
ஒவ்வொரு போஸ்டாகக் கைகாட்டி
‘பரிஸ்ஸமின், பரிஸ்ஸமின்’ என்று போவான்.
டெலிபோன் வயர், கேபிள் டிவி வயர்,
எவனோ எங்கிருந்தோ இழுத்த பெயரில்லா வயர்,
அதில் மாட்டிக் கிழிந்த ஒரு பட்டம்.
தூக்குவேன்.
கலசம் அடியால் நழுவிப் போகும்.
இறக்குவேன்.
தேரை முந்திக்கொண்டு அடுத்ததற்கு ஓடுவேன்.

என்னைக் கடக்கிறபோது
கற்பூரச் சூடு கன்னத்தில் படும்.
அரோகரா என்று தெருவே அதிரும்.
என் கண்ணோ
கலசத்துக்கும் வயருக்கும் நடுவிலே
நாலு விரல் இடைவெளியில்.

பதினேழு வருஷம்,
தேர் போகாத வருஷங்களைக் கழித்துவிட்டால்.
(அந்த வருஷங்களில் இந்த மூங்கிலில்
ஈரத் துணி காய்ந்தது.)
பதினேழு வருஷமாக முகத்தைப் பார்த்ததில்லை.

கோயிலில் போய்ப் பாரேன் என்பாள் மனோரஞ்சி.
போயிருக்கிறேன்.
அது வெள்ளிக்கிழமை முகம்.
தேரில் வருகிறவர் வேறு ஆள் என்று
ஏனோ ஒரு நினைப்பு.

கோட்டை தாண்டினால் காலிமுகத்திடல்.
அங்கே குறுக்கே வயர் இல்லை.
ஒரு பக்கம் கடல், மேலே வெறும் வானம்.
அந்தக் கொஞ்ச தூரத்தை நம்பித்தான்
ஒவ்வொரு வருஷமும் புறப்படுகிறேன்.
ஒரு வருஷம் மழை, தார்ப்பாய் போர்த்தினார்கள்.
ஒரு வருஷம் பொலிஸ் அவசரப்படுத்த
மாடுகள் ஓட்டமாய் ஓடின.
ஒரு வருஷம் சரியாக நான் திரும்புகிற நேரம்
ஐயர் திரையை இழுத்து, நைவேத்தியம் என்றார்.

இந்த வருஷம் காற்று மட்டும்தான்.
கழியைச் சுமணபாலவிடம் கொடுத்துத் திரும்பினேன்.

மாலை மேல் மாலை மேல் மாலை.
உபயகாரர் ஒருவரும் குறை வைக்கவில்லை.
தாமரையும் செவ்வரத்தையும்
நெற்றி வரை ஏறி மூடியிருக்க
தெரிந்தது மயில்.
வெள்ளி மயில்.
கழுத்தை நீட்டி, என்னைப் போலவே
முன்னால் ரோட்டைப் பார்த்தபடி.

அப்போதுதான் உறைத்தது.
சூரனை இரண்டாய்ப் பிளந்தார்.
ஒரு பாதியைக் கொடியில் ஏற்றினார்,
மறு பாதியின் முதுகில் ஏறினார்.
கருணை என்பார்கள்.
சரி, கருணைதான்.
சுமக்கிற முதுகுக்கு முகம் தெரியுமா?
கொடியிலே சேவல் காற்றுப் போகிற திசை பார்க்கும்.
மாமரமாய் நின்ற கடைசி நிமிஷம்,
வேல் வந்த வழியே ஒரே ஒரு தரம்
பார்த்திருப்பான் சூரன்.
அதை வைத்துக்கொண்டே
இத்தனை யுகமும் நடக்கிறது மயில்.
இப்போது அதற்குத் தெரிந்ததெல்லாம் பாரம்.
வலப்பக்கம் சற்றே சாய்ந்தால்
வள்ளியோடு பேசுகிறார்.
அசையாமல் இருந்தால்
யாரோ அழுது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சுமணபால என் கழியை அக்குளில் இடுக்கி
கதரகம தெய்யனே என்று கும்பிட்டு நின்றான்.
உனக்காவது தெரிந்ததா என்றேன்.
‘மல் விதரய்’ என்றான்,
பூ மட்டும்தான்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
பொலிஸ்காரன் முறைத்தான்.

கொள்ளுப்பிட்டி.
மறுபடி வயர்கள், காக்கை எச்சம்,
மூன்றாம் மாடி பல்கனியில் ஒருத்தி
கையில் தேங்காயோடு கத்தினாள்:
‘அண்ணா மெதுவா, மெட்ச் ஓடுது,
போன வருஷம் டிவி அப்படியே நின்றுட்டுது.’

மெதுவாகத்தான் தூக்கினேன்.
ட்யூப் ரப்பரில் வயர் வழுக்கி
ஒரு நடுக்கம் மூங்கில் வழியே இறங்கித்
தோளில் உட்கார்ந்தது.
நாலு விரல்.
தேர் போனது.