மூன்று நிமிட மைக்

ஏசடியான் ஜெயித்துவிட்டான் என்று
அவன் தங்கை கிளாடிஸ் ஓடிவந்து சொன்னபோது
ஆம்பூர் புறவழிச்சாலையில்
வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன்.
எந்தக் கட்சி என்றேன் மேலிருந்தபடி.
அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஊர்ப் பேரும் வாயில் நுழையவில்லை.
சுவீடனில் வடக்கே எங்கேயோ,
பேரில் வரும் ஓ-வின் தலையில் இரண்டு புள்ளி,
ஆறு மாசம் பனி.

லுத்தரன் கோயிலில் கீபோர்டு வாசித்தவன்.
கன்வென்ஷன் பந்தல்களில் நான் டிரம்ஸ்.
போதகர் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனால்
அடியில் மெல்ல ஒரு சுரம் பிடித்து
ஆமென் பக்கமாக அவரைத் தள்ளிவிடுவான்.
அரசியல் அப்போதே தெரிந்திருக்கிறது.

பாடகர் குழுவோடு மூன்று வாரம் என்று போனான்.
பதினெட்டு வருஷம் ஆயிற்று.
ஞாயிறு ஆர்கன், மற்ற நாளில் டவுன் பஸ்.
குளிரில் நிற்கிறவர்களைப் பார்த்தால்
நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்துவானாம்.
அந்த ஓட்டுகள்தான்.

கெரூபின் சவுண்ட் சர்வீஸ் என்னுடையது.
எல்லாக் கட்சிக்கும் ஒரே வாடகை.
என் மைக்கைப் பிடித்த எவரும்
சொன்ன நேரத்தில் விட்டதில்லை.
அங்கே மூன்று நிமிஷம் ஆனால்
மைக் தானாகவே செத்துவிடுமாம்.
போனில் இதைச் சொல்லி அப்படிச் சிரித்தான்.

பனி அள்ளும் ஆட்களுக்குக் கையுறை வாங்க
நகர மன்றத்தில் ஒரு தாள் வந்தது.
மாதிரி ஜோடி மேஜையைச் சுற்றி வந்தது.
இவன் முகர்ந்து பார்த்தான்.
மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.
எழுந்து பேசினான்:
இந்தத் தோலைக் கழுவிய தண்ணீர்
எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு வந்தது.
வாங்குங்கள், ஆனால் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் காசையும்
விலையில் சேர்த்துக் கொடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது.
என் தம்பி பாக்கியதாஸ் பதினாறு வருஷமாக
அந்த டிரம் சுற்றுகிற ஷெட்டில்தான் நிற்கிறான்.
விலை ஏறினால் அவர்கள் வேறு ஊரில் வாங்குவார்கள்,
உன் மூன்று நிமிஷத்துக்கு
எங்கள் வீட்டில் உலை வைக்க முடியுமாடா
என்று கேட்டேன்.
ரொம்ப நேரம் பதில் இல்லை.
பின்னால் பஸ் கதவு மூடுகிற சத்தம் மட்டும்.
பாக்கியதாஸ் கையில் அந்தப் புண் ஆறிச்சா என்றான்.
ஆறவில்லை. அதை நான் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்றரைக்கு மறுபடி கூப்பிட்டான்.
பதினொன்றுக்கு முப்பது. தோத்துட்டேன்.
அப்போதுதான் ஒரு கூட்டம் முடிந்து
ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
எங்கள் வேட்பாளர் வீட்டுக்கு வீடு
பாலாற்றுத் தண்ணீர் தருவதாகச் சொல்லியிருந்தார்.
கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

பழைய கேசியோ இருக்கா என்றான்.
தார்ப்பாயை விலக்கி பிளக்கைச் செருகி
போனைப் பக்கத்தில் வைத்தேன்.
நடு ஸா மட்டும் டொக் என்றது.
இன்னும் சரி பண்ணலையா.
யார் பண்றது.
பிறகு அவன் ஒவ்வொரு கட்டையாகக் கேட்டான்,
நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.
கரண்ட் போனதும் வைத்துவிட்டோம்.

காலையில் மழை விட்டிருந்தது.
பாலத்தடியில் ஆறு முழுக்க
முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை.
பாக்கியதாஸ் டிபன் டப்பாவோடு
அதைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோனான்.
கிளாடிஸ் போனில் படம் எடுத்தாள்.
பனி மாதிரியே இருக்குண்ணே என்றாள்.
அவனுக்கு அனுப்பாதே என்றேன்.
அனுப்பியிருந்தாள்.