எட்டில் ஒரு பங்கு

ஒடுகத்தூர்ப் பத்திரத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது:
நான்கெல்லைக்கு உட்பட்ட புஞ்சை முப்பத்திரண்டு சென்ட்,
புளியமரம் ஒன்று,
பொதுக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கு,
ஐந்து குதிரைத்திறன் மோட்டாரிலும் அவ்வண்ணமே.

எதில் எட்டில் ஒன்று என்று
பத்திரம் எழுதியவர் எழுதவில்லை.
மாசியிலேயே எட்டிப் பார்த்தால்
பாறையில் எனக்கொரு பங்கு,
புறாக்கூட்டில்,
கூப்பிட்டால் திரும்பி வரும் என் குரலில்.

ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போனது இரண்டு வீடு.
ஓசூர், பெங்களூரு என்று நான்கு.
மிச்சம் நானும் நவநீதமும்.
எட்டில் ஒன்று பாதியாகிவிட்டது,
யாரும் பதிவு செய்யாமலே.
பங்கு ஏறிய அளவுக்குத் தண்ணீர் இறங்கிற்று.

கரண்டு இந்த வாரம் நடுராத்திரிக்கு மேல்.
நாற்பது நிமிஷம் இழுக்கும் மோட்டார்,
பிறகு காற்றைத்தான் உறிஞ்சும்.
ஒருநாள் அவளுக்கு, ஒருநாள் எனக்கு.

நவநீதம் என் ஓரகத்தி.
பேசி ஏழு வருஷம்.
வரப்பு ஒரு சாண் நகர்ந்தது யாரால் என்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
சொல்ல வேண்டியதை மோட்டாரிடம் சொல்வாள்:
"இன்னும் ரெண்டு பாத்திதான் கீது, அதுக்குள்ள நின்னுடாத."
நான் மடையிடம் பதில் சொல்வேன்.

அவளுக்குக் கத்திரி நாற்று.
எனக்கு மல்லாட்டை,
பூ உதிர்ந்து விழுது இறங்குகிற நாள்.
மண் இறுகிக் கிடந்தால்
ஊசி முனை உள்ளே போகாமல்
மேலேயே கருகும்.
ஒரே ஒரு நனைப்பு போதும்.

நேற்று அவள் முறை.
டார்ச்சை அணைத்துவிட்டு
வரப்பில் உட்கார்ந்திருந்தேன்,
மண்வெட்டி மடியில்.
திருட வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் தண்ணீரைக் காதால்தான் பார்க்க முடியும்.
வெடிப்புகள் குடிக்கிற சத்தம் முதலில்.
குடித்து முடித்த பிறகுதான் நடக்கிற சத்தம்.
எவ்வளவு நேரமோ,
அது திசை மாறியது.
மண்வெட்டியை நான் இன்னும் தூக்கவே இல்லை.
குதிகாலில் சில்லென்று பட்டது.

மேட்டிலிருந்து மோட்டாரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"கத்திரிக்குக் குடத்துல ஊத்திக்கலாம்.
விழுதுக்குக் குடம் ஆவாது."

மடையிடம் சொல்ல
எனக்கு ஒன்றும் வரவில்லை.

விடியுமுன் தெருக்குழாயில் வரிசை.
வீட்டுக்கு இரண்டு குடம்.
மூன்றாவதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
கத்திரிப் பாத்திக்கு நடந்தேன்.
பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.
அந்த ஒரு சாண்
காலை இடறியதில்.